அந்தப் பாலை ஊற்ற விடவில்லை

என்னை உயிரோடும் பிடிவாதத்தோடும் வைத்திருக்கிற ஆண்டவருக்கு முதலில் நன்றி. நம் அன்பியக் கூட்டத்தில் பலர் அழகாகச் சாட்சி சொல்வீர்கள். எனக்கு அப்படிச் சொல்ல வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் பெயர் ரெஜினா. சேலம் டவுனில்தான் பிறந்தேன், வளர்ந்தேன். உணவியல் படித்து முடித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் பயிற்சியில் சேர்ந்தேன். போன தவக்காலம் தொடங்கிய சமயத்தில் என்னை முதியோர் வார்டில் போட்டார்கள். வயதானவர்களுக்கு என்ன கொடுக்கலாம், எவ்வளவு கெட்டியாகக் கொடுக்கலாம், பல் இல்லாதவருக்கு எதை எப்படி வேகவைக்கலாம், சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து இருப்பவருக்கு எதைக் குறைக்கலாம் என்பதெல்லாம் அங்கேதான் கற்றுக்கொண்டேன். படிப்பில் இருந்த எதுவும் அந்த வார்டின் வாசனைக்கு என்னைத் தயார் செய்யவில்லை. முதல் வாரம் மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அங்கே குழந்தைவேலு என்று ஒரு பெரியவர் இருந்தார். பரமத்தி வேலூர்க்காரர். வாலிபத்தில் ரிக் வண்டியோடு போய் வடநாடு முழுக்க ஆழ்துளைக் கிணறு போட்டவர். பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போய்விட்டன. விழுங்கவும் முடியவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள். நன்றாக இருந்த இடது கையால் அதை இழுத்து இழுத்துப் போடுவார். கடைசியில் அந்தக் கையையும் கட்டிலோடு கட்டினார்கள். கட்டின அன்று அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் வந்து அவருக்கு விழுங்கிப் பார்க்கும் பயிற்சியைத் தொடங்கினார். நான் கெட்டியாகக் கிளறிய ராகியை எடுத்துப் போனேன். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைக் கீழே இறக்கி, சின்ன ஸ்பூனில் இடது பக்கமாகக் கொடுத்தோம். முதல் வாய் வெளியே வழிந்தது. இரண்டாவது உள்ளே போனது. தொண்டை மேடு ஏறி இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். தெரபிஸ்ட் சிரித்தார். தண்ணீர், பால், காப்பி மாதிரி எதுவும் இப்போதைக்குக் கூடவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும், கெட்டியாக மட்டும் கொடுங்கள், தேறி வருவார் என்றார். பெரியவரின் மருமகள் கோமதி அக்கா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துக்கொண்டார். வீட்டில் சந்தேகம் வந்தால் கேட்கட்டும் என்று என் நம்பரைக் கொடுத்தேன்.

மறுநாளே, ஊட்டுவதற்காகக் கைக்கட்டை அவிழ்த்திருந்த நேரத்தில், பெரியவர் குழாயை மறுபடி பிடுங்கிவிட்டார். திரும்பப் போட வேண்டாம் என்று உறவுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பெரியவரின் தம்பி வார்டு வாசலில் நின்று சொன்னார்.

"இத்தன நாளு பட்டது போதுஞ் சாமி. ஊட்டுக்குக் கொண்டு போயிப் பால் ஊத்திரலாம்."

சாகக் கிடப்பவருக்குக் கடைசியாகப் பால் ஊற்றுவது நம் பக்கம் எல்லா ஊரிலும் இருக்கிற வழக்கம்தான். நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இவர் சாகக் கிடக்கவில்லை. முந்தின நாள் ராகியை விழுங்கியவர். விழுங்கத் தடுமாறுகிற தொண்டையில் பாலை ஊற்றினால் அது வழக்கமாக இருக்காது.

நான் பெரியவரின் மகனிடம் ஓடினேன். அவர் பெயர் தனசேகர். நாமக்கல்லில் இருந்து முட்டை லாரி ஓட்டுகிறவர். லோடு இறக்கிவிட்டு வருவதும், வார்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குவதும், மறுபடி லோடு ஏற்றப் போவதுமாக இருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"எங்கய்யன நானே கொல்றேன்னு சொல்றீங்களா?"

அந்த இடத்தில் நான் கொஞ்சம் சுற்றி வளைத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை.

"ஆமாங்க. அந்தப் பால ஊத்துனா அப்படித்தான் ஆகும்."

அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பெரியவரை அன்றே வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். போவதற்கு முன் நிர்வாகத்திடம் என்மேல் புகார் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எங்கள் தலைமை டயட்டீஷியன் மேடம் என்னை உட்காரவைத்துப் பேசினார். ஆலோசனை சொல்வதோடு நம் வேலை முடிந்தது, அதற்குமேல் குடும்பத்தின் முடிவு என்றார். நோயாளி வீட்டுக்கு நான் போகக் கூடாது, போனால் பயிற்சிச் சான்றிதழ் தர முடியாது என்றார். நிர்வாகி என்னைக் கூப்பிட்டு, தனசேகருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நான் சொன்னது பொய்யா என்று கேட்டேன். அது இப்போது முக்கியம் இல்லை என்றார். அப்படியானால் கேட்க மாட்டேன் என்றேன். அடுத்த நாள் முதல் வார்டுக்கு வர வேண்டாம் என்றார்கள்.

வீட்டில் அம்மா அழுதார். ஊரான் வீட்டுப் பிரச்சினையில் உனக்கு என்ன என்று கேட்டார். சான்றிதழ் இல்லாமல் எவன் வேலை கொடுப்பான் என்று கேட்டார். இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. பெரியவர் போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு முறை அம்மா எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தபோதும், அதைத் தொட முடியவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மத்தியான வெயிலில் எழுந்து கோயிலுக்குப் போனேன். உள்ளே யாரும் இல்லை. நற்கருணைப் பேழைக்கு முன்னால் போய் நின்றேன். முழங்கால் போடவில்லை. சகோதர சகோதரிகளே, நான் அன்று கெஞ்சவில்லை. சண்டை போட்டேன்.

ஆண்டவரே, ஊரெல்லாம் உமக்காக ஒருசந்தி நோன்பு இருக்கிறது, நான் இருக்க மாட்டேன் என்றேன். ஒரு மனிதர் பசியோடு கிடக்கிறார், அவர் சாப்பிடும் வரை உமக்குப் பட்டினி கிடந்து காட்ட எனக்கு இஷ்டம் இல்லை என்றேன். சிலுவையில் தாகத்தோடு தொங்கியவர் நீர், உமக்குக் குடிக்கப் புளித்த காடியைக் கொடுத்ததை மறந்துவிட்டீரா என்று கேட்டேன். எனக்குச் சான்றிதழ் தராவிட்டாலும் பரவாயில்லை, அவரை விடாதீர், அவர் இன்னும் உயிரோடு இருந்தால் எனக்கு வழி காட்டும், வழி காட்டும் வரை இங்கிருந்து போக மாட்டேன் என்றேன். கடைசியில் கத்தியே விட்டேன். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில் பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எந்தக் குரலும் கேட்கவில்லை. வெளிச்சம் எதுவும் வரவில்லை. கால் வலித்தது, பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போதுதான் போன் அடித்தது. கோமதி அக்கா.

குரலைத் தணித்துப் பேசினார். மாட்டுக் கொட்டகைப் பக்கம் வந்து பேசுகிறேன் என்றார்.

"ஏனுங் மேடம், சாயங்காலம் பால் ஊத்தறதாப் பேசீட்டு இருக்காங்க. சொந்தமெல்லாம் வந்துருச்சு. உங்ககிட்டப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. ஆனா மாமா என்னையப் பாத்து வாயத் தொறக்கறாருங்க. கைய வாய்கிட்டக் கொண்டு போறாரு. பசிக்குதுன்னு கேக்கறாருங்க."

அந்த மூன்று நாளும் அவர் யாருக்கும் தெரியாமல் பெரியவருக்கு ஒன்றிரண்டு ஸ்பூன் ராகி கொடுத்திருக்கிறார். நான் செய்து காட்டிய மாதிரியே. அதனால்தான் அவர் உயிர் நின்றிருந்தது. கோமதி அக்கா மாதிரி ஒருத்தரை அந்த வீட்டில் முன்கூட்டியே வைத்திருந்தவர் யார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவுக்குப் போனில் சொன்னேன். போகாதே என்றார். நாமக்கல் பஸ் ஏறினேன். அங்கிருந்து பரமத்தி வேலூர் பஸ். வழியெல்லாம் செபமாலை சொன்னேன். மனம் அமைதியாக இருந்தது என்று சொன்னால் பொய். என்னை வாசலிலேயே விரட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். விரட்டினாலும் போய்த்தான் ஆவேன் என்றும் நினைத்தேன்.

வாழைத் தோட்டத்தை ஒட்டின வீடு. வாசலில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உயிரோடு இருப்பவருக்கு நாற்காலி போட்டாயிற்று. உள்ளே பெரியவரை மட்டமாகப் படுக்கவைத்திருந்தார்கள். தலைமாட்டில் ஸ்டூல், அதன்மேல் டம்ளரில் பால். பெரியவர் என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினார்.

பெரியவரின் தம்பி எழுந்து வந்தார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அம்மிணி, நீ சின்னப் புள்ள. அவரு எப்படி இருந்த மனுசன்னு உனக்குத் தெரியாது. இப்படிக் கெடந்து சீரழியறதுக்குப் போறதே மேலு. எங்க ஊட்டுக் காரியத்துல வராத சாமி."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வாய் நடுங்கவில்லை. அது என் வாயாக இல்லை என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

"அவரு பசிக்குதுங்கறாருங்க. பசிக்குதுங்கறவருக்குச் சோறு போடுங்க. அவரு வேண்டாம்னு வாய மூடிக்கிட்டா, நானே எந்திரிச்சுப் போயிர்றேன்."

கோமதி அக்கா கூட்டத்தைத் தாண்டி வந்தார். ஸ்டூலில் இருந்த டம்ளரை எடுத்தார். மாமனாரின் தம்பிக்கு முன்னால் அவர் நிமிர்ந்து நின்றதே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். டம்ளரோடு நேராகச் சமையலறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அந்தப் பாலையே அடுப்பில் வைத்து, ராகி மாவைக் கரைத்து விட்டு, கரண்டியிலிருந்து ஒழுகாத பதம் வரும் வரை கிளறினோம். ஆற வைத்துக் கொண்டுவந்தோம்.

பெரியவரை நிமிர்த்தி உட்காரவைக்க ஆள் வேண்டும். நான் சுற்றிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்த தனசேகர் வந்தார். கட்டிலில் ஏறி, அப்பாவின் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார்.

முதல் ஸ்பூன். தொண்டை மேடு ஏறி இறங்கியது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் இருமிவிட்டார். முகம் சிவந்தது. அறையில் ஒரு பெண் விசும்ப ஆரம்பித்தார். ஆண்டவரே, இப்போது கைவிட்டால் உம்மிடம் இனிப் பேசவே மாட்டேன் என்று மனதுக்குள் சொன்னேன். தலையை முன்பக்கம் குனியவைத்து, நன்றாக இருமவிட்டோம். இருமல் அடங்கியது. ஆ என்று குரல் கொடுக்கச் சொன்னேன். தொண்டையில் ஏதாவது தங்கியிருந்தால் வரும் ஈரச் சத்தம் குரலில் இல்லை. தெளிவாக இருந்தது. பெரியவர் என்னைப் பார்த்து மறுபடி வாயைத் திறந்தார்.

தம்பி வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தனசேகர் அப்பாவின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சொன்னார்.

"சாகறாருன்னுதான் நெனச்சேனுங்க. சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அடுத்த ஸ்பூனை எடுத்தேன்.

மறுநாள் வாடகை நாற்காலிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தனசேகரே மருத்துவமனைக்குப் போன் போட்டுப் புகாரைத் திரும்பப் பெற்றார். மேடம் என்னைக் கூப்பிட்டார். சொன்ன பேச்சைக் கேட்காமல் போனதால் முதியோர் வார்டுப் பயிற்சியை முதலில் இருந்து மறுபடி செய்ய வேண்டும் என்றார். செய்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. யாரும் அதன்பிறகு கேட்கச் சொல்லவில்லை. பக்கவாத நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் முன், குடும்பத்தில் ஒருவருக்கு ஊட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையை மேடம் என்னிடமே கொடுத்தார். இன்று அதுதான் என் தொழில்.

பெரியவர் மெல்ல மெல்லத் தேறினார். களி, குழைந்த சோறு, பிறகு இட்லி. பேச்சும் திக்கித் திக்கி வந்தது. நான் போயிருந்த ஒரு நாள், கோமதி அக்கா ஊட்டிய கஞ்சியை விழுங்கிவிட்டு, என்னை முறைத்து, உப்பே இல்லை என்றார். இரத்தக் கொதிப்புக்காக உப்பைக் குறைத்தது நான்தான். அந்தத் திட்டுக்காக நான் அழுத அழுகையைப் பார்த்து அவரே பயந்துவிட்டார்.

இதைக் கேட்ட சிலர், அந்தக் குடும்பம் ஞானஸ்நானம் வாங்கியதா என்று கேட்டார்கள். இல்லை. அவர்கள் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினார்கள். எனக்கும் சாப்பாடு போட்டார்கள். கோமதி அக்காவும் அந்த மூன்று நாளும் தன் சாமியிடம் வேண்டியிருக்கிறார். என் ஆண்டவர் அதற்காக அந்த மனிதரைக் கைவிட்டுவிடவில்லை. அவர் கணக்குப் பார்க்காதபோது நான் ஏன் பார்க்க வேண்டும்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகு நாமகிரிப்பேட்டையில் ஓர் அம்மாவுக்காக இதே மாதிரி சண்டை போட்டுச் செபித்தேன். அந்த அம்மா போய்விட்டார். ஏன் என்று எனக்குத் தெரியாது. ஆண்டவரிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கடைசி நாள் வரை, அந்த அம்மா கேட்டபோதெல்லாம், அவருக்கு ஏற்ற பதத்தில் ஒரு வாய் போட ஆள் இருந்தது. மூச்சுத் திணறிப் போகவில்லை. அதற்கும் நான் நன்றி சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் படுத்திருக்கலாம். வயதாகிவிட்டது, விடுங்கள் என்று நாலு பேர் சொல்லலாம். ஆண்டவரிடம் போங்கள். அழுகை வந்தால் அழுங்கள், கோபம் வந்தால் கோபப்படுங்கள். அவர் தாங்குவார். பிறகு திரும்பி வந்து அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அந்தப் பெரியவர் உங்களைப் பார்த்து வாயைத் திறந்தால், அவருக்கு இன்னும் பசிக்கிறது என்று அர்த்தம். பசி இருக்கும் இடத்தில் ஆண்டவர் இன்னும் வேலையை முடிக்கவில்லை.