மணந்து பார்க்காத ரோசா

வெள்ளிக்கிழமை காலை தேவாரம் பாட வாயைத் திறந்தேன். பாதிக்கு மேல் திறபடவில்லை. பல்லுக்குத்தாக இருக்கும் என்று உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். அந்தத் தண்ணீரும் கடைவாயால் வழிந்தது.

சாமியறையில் நின்ற என் கணவர் சிரித்தார். “உன்ர வாய்க்கும் ஒருநாள் லீவு வேணுமெல்லே. எனக்கும் காது குளிரும்.” நானும் சிரிக்கப் பார்த்தேன். ஏலவில்லை.

மத்தியானத்துக்குள் கழுத்து விறைத்தது. பின்னேரம் பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன்.

இந்த நோய் வந்த வீட்டாருக்காகவே இதை எழுதுகிறேன். எனக்குப் படிப்புக் குறைவு. உடம்பு பட்டதைத்தான் சொல்லத் தெரியும்.

“எங்கையாவது காயம் பட்டதோ?” என்று டொக்டர் கேட்டார். கணவர் என் சுட்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். “ரோசா முள்ளுக் குத்தினது, ஐயா. சின்னக் குத்துத்தான். திருநீறு பூசினவ. ஆறியும் போச்சு.”

“மேலாலை ஆறியிருக்கும். சாணி போட்ட மண்ணோ?”

“ஓம் ஐயா. ரோசாவுக்கு வேறை என்னத்தைப் போடுறது?”

டொக்டர் என் தாடையை அமர்த்திப் பார்த்தார். பிறகு, “இது ஏற்புவலி” என்றார் (மண்ணிலும் சாணியிலும் உள்ள கிருமி காயத்தால் புகுந்து, தசைகளை விறைக்கவைத்து இழுக்கும் நோய்). “மருந்து குடுப்பம். தப்புவா எண்டு இப்ப சொல்லேலாது.”

அந்த ரோசா ஒட்டு ரோசா. நுவரெலியாவில் வேலை செய்த என் தம்பி கொண்டுவந்து தந்தது. எங்கள் மணலுக்கும் உவர்க் கிணற்றுக்கும் அது பிழைக்காது என்றார்கள். பாதியாக வெட்டிய தார்ப்பீப்பாவில் கந்தளாய்ச் செம்மண்ணும் பழஞ்சாணியும் நிரப்பி வைத்தேன். தேயிலைச் சக்கை போட்டேன். ஊருக்குள் திரியும் மான் எட்டிக் கடிக்காமல் சுற்றிவர முள் அடைத்தேன். பக்கத்து மொட்டுகளைக் கிள்ளி, ஒரு தண்டுக்கு ஒரு பூ என்று விட்டேன். கடுஞ்சிவப்பாய் விரிந்தால் கிட்டப் போனால் நல்லாய் மணக்குமாம். வந்தவர்கள்தான் சொல்வார்கள்.

விரிகிற பூவெல்லாம் வெள்ளிக்கிழமை அம்மனுக்கு. சுவாமிக்கு வைக்கும் பூவை மணந்து பார்க்கக்கூடாது. அதனால் மூச்சை அடக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வெட்டுவேன். பெற்ற பிள்ளைபோல வளர்த்தும் ஒருநாள்கூட மூக்கருகில் கொண்டுபோனதில்லை. ஒட்டுக்குக் கீழே முளைத்த காட்டுக் கிளையைப் பிய்த்தபோதுதான் அந்த முள் ஏறியது.

என்னை இருட்டறையில் போட்டார்கள். யன்னலுக்குக் கறுப்புத் துணி. மூக்கால் விட்ட குழாய் வழியே கஞ்சித் தண்ணீர். வெளிச்சம், சத்தம், தொடுகை எது வந்தாலும் உடம்பு இழுக்கும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் முதுகு வில்லாக வளைந்து, தலையும் குதிக்காலும் மட்டும் மெத்தையில் முட்டும். இவ்வளவுக்கும் புத்தி மயங்காது. அதுதான் இந்த நோயின் கொடுமை.

சத்தம் போடக்கூடாது என்று சொல்லித்தான் அவரை உள்ளே விட்டார்கள். தேவாரத்தைச் சத்தம் என்று அவர் நினைக்கவில்லை. எங்கள் ஆட்களில் யார் நினைப்பார்கள்? தலைமாட்டில் நின்று மெல்லப் பாடத் தொடங்கினார்.

முதல் சொல்லிலேயே இழுத்தது. கன்னம் இரண்டும் பின்னுக்குப் போய்ப் பல் தெரிந்தது. அவர் என் முகத்தைக் குனிந்து பார்த்தார்.

“அம்மாளாச்சி வந்திட்டா! சிரிக்கிறாயடி, சிரிக்கிறாய்!”

அழுதுகொண்டே குரலை உயர்த்தினார். எலும்பிலிருந்து சதை பிய்வதுபோல இருந்தது. மூச்சு நின்றுவிட்டது. நிறுத்துங்கள் என்று சொல்ல வாயில்லை, கையில்லை. சுவாமி பெயரை நிறுத்தும்படி சுவாமியிடமே கெஞ்சினேன். வேறு யாரிடம் கேட்க எனக்குத் தெரியும்?

மிஸ்ஸி (தாதி) ஓடி வந்து கீழ்க்குரலில் சீறினார். “ஐயா, வாயைப் பொத்துங்கோ! அது சிரிப்பில்லை, இழுப்பு. நீங்கள் பாடப் பாட அவ சாகிறா!”

அவர் சால்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டு வெளியே போனார்.

அதன் பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கதவோரக் கதிரையில் ஆடாமல் இருப்பார். பாடேலாது, தொடேலாது, விளக்கேற்றவும் ஏலாது. எனக்குப் பகலும் இரவும் இல்லாமல் போயின. ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் இடையில் உள்ளதுதான் நேரம். எடுப்பதென்றால் இப்போதே எடுத்துவிடு தாயே என்று பலமுறை கேட்டேன்.

அப்படிக் கிடந்தபோது ஒரு மணம் வந்தது. முதலில் சாவு வந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு தெரிந்தது. இத்தனை காலம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட மணம். தலையணை ஓரத்தில் ரோசாவை வைத்துவிட்டு அவர் கதிரைக்குத் திரும்பியிருந்தார். அம்மனுடைய பூவாயிற்றே என்று மூச்சை அடக்கப் பார்த்தேன். அடக்கப் பலமில்லை. மணம் உள்ளே போனது. உடம்பு இழுக்கவில்லை. அந்த அறைக்குள் வந்தவற்றில் என்னை அடிக்காதது அது ஒன்றுதான்.

கிழமைக் கணக்கில் மருந்து ஏறி, வாய் ஒரு விரல் அளவுக்குத் திறந்த பிறகு நான் முதலில் கேட்டது இதைத்தான்: “அம்மனுக்கெண்டு வைச்ச பூவோ?”

“இல்லை. வெட்டேக்கையே உனக்கெண்டுதான் வெட்டினனான். அம்மாளாச்சி கோவிக்கிறதெண்டால் என்னோடை கோவிக்கட்டும்.”

முள் குத்தினால் சின்னக் காயம் என்று விடாதீர்கள். ஏற்பு ஊசி போடுங்கள். திருநீற்றை நெற்றிக்கு வையுங்கள். நோயாளியின் தலைமாட்டில் பாடாதீர்கள். கும்பிடுவதை மனத்துக்குள் கும்பிடுங்கள், அதுவும் கேட்கும்.

நான் வீடு வந்தேன். முதுகு முன்போல நிமிராது. கப்பல் ஊதும் நேரம் வருமுன்பே தோள்கள் தாமாக இறுகிவிடும். எங்கள் சாமியறை மணியின் நாக்கில் அவர் துணி சுற்றி வைத்திருக்கிறார். இப்போது அவர் பாடுவதில்லை. உதடு மட்டும் அசையும்.

பூ விரிந்த காலைகளில் நான் பீப்பாவடிக்குப் போய்க் குனிந்து மணந்து பார்க்கிறேன். அப்போது முகத்தில் என்ன தெரியுமோ, அவர் எங்கிருந்தாலும் ஓடி வருகிறார்.

“இஞ்சை பார், சிரிக்கிறியோ? இழுக்குதோ?”

“சிரிக்கிறன்” என்று வாயால் சொன்னால்தான் போவார். அதைச் சொல்வதற்கு முதல், நானும் ஒருதரம் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.