கிணற்றுத் தண்ணீரில் எரிந்த பல்ப்

போன வாரம் எங்கள் எஸ்டேட் கேட்டில் ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் செய்த குற்றம்? அவளுடைய தண்ணீர்ப் போத்தலில் ஒரு பல்ப் எரிந்தது!

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தேன்தான். அவளுடைய கைக்குழந்தை வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் பாலுக்கு வீறிட்டு அழுவது நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம் வரை கேட்டது. அதற்குப் பிறகு எனக்குப் பாடமும் ஓடவில்லை, சிரிப்பும் வரவில்லை.

கோலசிலாங்கூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு இந்தக் கேட் சோதனையை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி, உப்பு, சீனி எதுவும் போய்விடக் கூடாது என்று எங்களைச் சுற்றி முள்வேலி. ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்களைத் தினமும் காலையில் நிறுத்தி, மடியை உதறச் சொல்லிப் பார்க்கிறார்கள். யாரோ உப்பைத் தண்ணீரில் கரைத்துப் போத்தலில் கொண்டுபோகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. உடனே வந்து இறங்கினார் ஓர் உணவுக் கட்டுப்பாட்டு அதிகாரி. நம்மவர்தான்... இங்கிலீஷ் ஸ்கூலில் படித்தவர். அவர் கொண்டுவந்த ஆயுதம் — ஒரு லோரி பேட்டரி, இரண்டு கம்பி, ஒரு குட்டி பல்ப்.

உப்பா இல்லையா என்று பார்க்க நாக்கு போதாதா என்கிறீர்களா? தாராளமாகப் போதும். ஆனால் மரம் வெட்டுகிறவள் வாய் வைத்த போத்தலை ஓர் அதிகாரி ருசி பார்ப்பாரா? என்ன பேச்சுப் பேசுகிறீர்கள்!

அவர் கொண்டுவந்த விஞ்ஞானத்தில் தப்பில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உப்பில் சோடியம் ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது, குளோரின் அதை வாங்கிக்கொள்கிறது. அதனால் இரண்டும் மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. தண்ணீரில் போட்டால் அந்தப் பிடி விடும். இரண்டும் தனித்தனியே அலைந்து மின்சாரத்தைக் கடத்தும் — பல்ப் எரியும். சீனியில் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அணுக்கள் எலெக்ட்ரானைப் பங்கு போட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. கரைந்தாலும் குடும்பம் பிரியாது, மின்னேற்றமும் இல்லை. அண்டா நிறையச் சீனிப்பாகு வைத்தாலும் பல்ப் கண் திறக்காது. அடுப்பில் வைத்தாலும் இதே கதைதான். சீனி உருகிக் கருகும், உப்பு உருகாமல் படபடவென்று வெடித்துக்கொண்டு கிடக்கும். எல்லாம் அந்தப் பிணைப்பு செய்கிற வேலை.

சரி, கேட்டுக்கு வருவோம்.

அன்று வரிசையில் முதல் ஆள் அஞ்சலை. கம்பியை அவள் போத்தலில் விட்டார். பல்ப் மினுக்கென்றது. அவ்வளவுதான்! அடுத்த போத்தலைச் சோதிக்கக்கூட மனுஷனுக்குப் பொறுமை இல்லை. மற்றவர்களின் தண்ணீரைத் தரையில் ஊற்றச் சொல்லிவிட்டு, அவளை ஜீப்பில் ஏற்றி ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டார்.

"அது கெணத்துத் தண்ணிங்கய்யா! சத்தியமா கெணத்துத் தண்ணி!" என்று அவள் கத்திக்கொண்டே போனாளாம்.

அவசரகாலச் சட்டத்தில் உள்ளே போனவர்கள் எப்போது வெளியே வருவார்கள்? கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கப் பேச்சு. அஞ்சலை பிறந்தது இங்கே, பக்கத்து டிவிஷனில். இந்தியாவில் அவளுக்கு யாரைத் தெரியும்?

அவள் புருஷன் வீரன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். "டீச்சரம்மா, தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. புள்ள மாட்டுப்பாலு குடிக்க மாட்டேங்குது."

ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரை மொண்டுகொண்டு வரச் சொல்லிவிட்டு, நான் ஆபீசுக்குப் போனேன். அங்கே அதிகாரி எஸ்டேட் மேனேஜரான தொரைக்கு வித்தை காட்டிக்கொண்டிருந்தார். மூன்று கிளாஸ் தண்ணீர். வெறும் தண்ணீர் — எரியவில்லை. சீனித் தண்ணீர் — எரியவில்லை. உப்புத் தண்ணீர் — பளிச்! தொரை கைதட்டாத குறை.

"சார், சீனிக்கு எரியாதுன்னா, சீனியக் கரச்சுக் கொண்டுபோறவன் என்ன ஆவான்?" என்று கேட்டேன்.

"இந்த டெஸ்ட் உப்புக்கு மட்டும்தான், டீச்சர்."

ஆக, சீனிக்காரன் சலாம் வாங்கிக்கொண்டு போகலாம்! வாயை அடக்கிக்கொண்டு அடுத்ததைக் கேட்டேன். "இந்த வெறும் தண்ணி எங்க பிடிச்சது?"

"ஆபீஸ் டாங்கில. மழைத் தண்ணி. வெரி பியூர்."

மழைத் தண்ணீர்! ஆபீசுக்கு டாங்க், கணக்கெழுதும் கிராணிக்கு டாங்க், தொரை பங்களாவில் குளிக்கக்கூட டாங்க். லயத்துக்கு? கடல் ஏறும்போதெல்லாம் கரிக்கிற அந்தக் கிணறு. ஒரு டாங்க் கொடுங்கள் என்று வருஷக்கணக்கில் கேட்டாயிற்று. 'குடிக்க ஏற்ற தண்ணீர்தான்' என்பதுதான் தொரையின் பதில்.

வீரன் வாளியை மேசைமேல் வைத்தான். "இதுல விட்டுப் பாருங்க சார்" என்றேன்.

கம்பி நனைந்தது. பல்ப் மினுக்கென்றது.

"டிம்மாத்தான் எரியுது..." என்று இழுத்தார் அதிகாரி.

"அஞ்சலை போத்தல்ல மட்டும் சூரியனா எரிஞ்சுது?"

எவ்வளவு படித்திருந்தாலும் மனுஷனுக்கு முகம் செத்துப்போகத்தான் செய்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். தொரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் போன் போடச் சொன்னார்.

அன்று சாயங்காலமே அஞ்சலை வந்துவிட்டாள். ஆயாக் கொட்டகைக்கு ஓடிக் குழந்தையை வாங்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் ஒருவராவது மன்னிப்புக் கேட்டார்களா? கேட்டால் பதவி குறைந்துபோகுமே!

நேற்று லயத்துக்குப் பெரிய தகர டாங்க் ஒன்று வந்து இறங்கியது. வேலையாட்களை மேய்க்கும் மண்டோருக்கு வாயெல்லாம் பல். "தொரை மனசு எறங்கிட்டாரு லா, டீச்சர்!"

மனசாவது, இறங்குவதாவது! லயத்து ஜனங்கள் உப்பில்லாத தண்ணீர் கொண்டுவந்தால்தான் தன் சோதனை செல்லும் என்று அந்த அதிகாரி எழுதிக் கேட்டிருக்கிறார்.

மனுஷ வயிறு வருஷக்கணக்கில் கேட்டுக் கிடைக்காத நல்ல தண்ணீர், ஒரு பல்ப் கேட்டதும் கிடைத்துவிட்டது.