பம்பின் மேல் இருந்த உளிக்கோடு

செத்த கோழிகளை எண்ணும்போது இருந்தவர்கள்: பண்ணைக்காரர். அவர் மனைவி. குஞ்சு கொடுக்கும் கம்பெனியின் சூப்பர்வைசர். டீசல் மெக்கானிக் நான்.

பரமத்தி வேலூரில் எனக்குப் பட்டறை. பண்ணை அங்கிருந்து பைக்கில் இருபது நிமிடம். அடைத்த செட்டு. ஐயாயிரம் கோழி. பெரிய காற்றாடிகள் ஓடினால்தான் உள்ளே மூச்சு. கரண்ட் போனால் ஜெனரேட்டர். போன வளர்ப்பில் சீக்கு வந்து பாதி போயிருந்தது. இதுவும் போனால் இனிக் குஞ்சு விட மாட்டோம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. எனக்கும் அது தெரியும்.

முந்தின வாரம் ஜெனரேட்டரின் டீசல் பம்பை, கடையில் சர்வீஸ் செய்து வாங்கிவந்து நான்தான் மாட்டினேன். பம்பு எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு உளியால் கோடு வெட்டி வைப்போம். பாதி பம்பின் மேல், பாதி எஞ்சின் மேல். இரண்டையும் நேர் வைத்து முடுக்கினால் டீசல் சரியான நேரத்தில் உள்ளே போகும். நேர் வைத்தேன். முடுக்கினேன். சும்மா ஓடவிட்டேன். ஓடியது. காற்றாடிகளைப் போட்டுப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பண்ணைக்காரர் போன் செய்தார்.

"ஏனுங்ணா, ஸ்டார்ட் ஆவறதுக்கே மொரண்டு புடிக்குதுங்க. வெள்ளப் பொகையாத் தள்ளுது."

போனேன். பில்டரைத் திறந்தேன். அடியில் நாலு சொட்டுத் தண்ணீர். டீசலில் தண்ணீர் கலந்தாலும் வெள்ளைப் புகை வரும். பம்பின் நேரம் பிந்தினாலும் அதே புகைதான். தண்ணீர் கண்ணில் பட்டதும் மேலே யோசிக்கவில்லை.

"டீசல்ல தண்ணிங்க. எதுல வாங்கியாந்தீங்க?"

அவர் மனைவி சிரித்தார். "மூடியில்லாத கேன்லதானுங்ணா. கோழிக்குத் தண்ணி காட்டச் சொன்னா, இவரு மிசினுக்குக் காட்டியிருக்கறாரு."

அவரும் சிரித்தார். டாங்கியைக் காலி செய்து புது டீசல் ஊற்றினோம். புகை குறைந்த மாதிரி இருந்தது. எஞ்சின் சூடேறியிருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது. காற்றாடிகளைப் போட்டதும் முக்கி நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் பக்கத்துப் படுதாக்களைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியேயும் காற்றில்லை. கோழிகள் வாயைத் திறந்தபடி கிடந்தன. நானும் ஸ்டார்ட் செய்தேன். நின்றது. கரண்ட் வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

"எல்லாம் உங்க கேனு," என்றார் மனைவி. இந்த முறை சிரிக்கவில்லை. பண்ணைக்காரர் கேனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் மிசின் அறைக்குப் போனேன். பம்பின் முதல் வால்வைக் கழற்றி, பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். டீசல் சொட்டுவது எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். நேரம் ரொம்பப் பிந்தியிருந்தது. அப்படி இருந்தால் எஞ்சின் சும்மா ஓடும், பாரம் இழுக்காது. டார்ச் அடித்துக் கோட்டைப் பார்த்தேன். எஞ்சின் மேல் உள்ள பாதி முன்பு நான் வெட்டியது. என் உளியில் ஒரு மூலை உடைந்திருக்கும். கோட்டின் முனை பிசிறும். பம்பின் மேல் இருந்தது சுத்தமான கோடு. கடையில், கோடு இருக்கும் முன்தட்டையே மாற்றியிருக்கிறார்கள். இந்தக் கோடு வேறு எஞ்சினுக்கு வேறு யாரோ வெட்டியது. மாட்டும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

வெளியே வந்து சொன்னேன். "டீசல் நல்ல டீசல்தானுங்க. பம்பு தப்பா உக்காந்திருக்குது. நான் பாக்கலீங்க."

மனைவிதான் கேட்டார்.

"அன்னைக்கே பாத்திருந்தா எவ்வளவு நேரமுங்ணா ஆயிருக்கும்?"

"அரை மணி நேரமுங்க, அம்மிணி."

அந்த அம்மா கணவரின் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் சூப்பர்வைசர் வந்தார். "எண்ணாமப் பொதைக்கக் கூடாதுங்க" என்றார்.

"ஆளு பத்தாதுங்ணா. வாங்க" என்று அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். போனேன். கைக்கு ஐந்தாகக் காலைப் பிடித்துக் குழியில் போட்டோம். சில இன்னும் சூடாக இருந்தன. சூப்பர்வைசர் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு அவர்களுக்குக் குஞ்சு வரவில்லை. செட்டில் இப்போது தேங்காய் மட்டை அடுக்கியிருக்கிறது. சூப்பர்வைசர் கூட்டிச் சொன்னதை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மூவாயிரத்து எண்ணூற்றுப் பதினாறு.