அத்தானின் கோப்பில் என் குளியலறை

வீட்டுக் கடன் வாங்கிக் கொடுக்கும் முகவராக வேண்டுமென்றால் ஜெர்மனியில் பரீட்சை எழுதி அனுமதி எடுக்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் நான் அதற்குப் படித்தேன். சட்டமும் வட்டியும் கொட்டாவி விட வைத்தன. மோசடியைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற பாடத்தை மட்டும் மூன்று தரம் வாசித்தேன். திருத்திய சம்பளச் சீட்டு, நேற்றுத்தான் கணக்கில் விழுந்த சேமிப்பு, வேறு வீட்டின் படம். அதற்குப் பிறகு ஹம்பேர்க்கில் எந்தத் தமிழரின் புதுவீட்டுக் குடிபூரலிலும் என்னால் நிம்மதியாகப் பலகாரம் சாப்பிட முடியவில்லை. வீட்டுக்காரர் சிரித்தால்கூட எதையோ மறைக்கிறார் என்று பட்டது.

அந்த நேரம்தான் அக்காவும் அத்தானும் நகரத்தின் ஓரத்தில் ஒரு பழைய வீடு பார்த்திருந்தார்கள். பதினாறு வருடம் இரண்டு அறைக்குள் இருந்தவர்கள். வியாழக்கிழமை வங்கியில் டேர்மின், சந்திக்க நேரம் குறித்திருந்தார்கள். அதற்கு முன் ஒருக்கா பார்த்துத் தரச் சொல்லி, இருவருமாகக் கடன் விண்ணப்பக் கோப்பைக் கொண்டு வந்து என் குசினி மேசையில் வைத்தார்கள். எனக்குப் பரமானந்தம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

"புதுப்பித்த குளியலறை" என்று எழுதி ஒரு படம் இருந்தது. வெள்ளை டைல்ஸ், ஒரு மூலையில் சிவப்பு வாளி, வாளியின் உடைந்த பிடியில் நீலக் கயிறு. அந்தக் கயிற்றைக் கட்டியவள் நான். எழுந்து போய் என் குளியலறையைப் பார்த்துவிட்டு வந்தேன். வாளி அங்கேதான் இருந்தது.

"அத்தான், இது ஆரின்ரை பாத்ரூம்?"

"பாத்ரூம் எல்லாம் ஒண்டு மாதிரித்தானே, பிள்ளை." தேத்தண்ணியைப் பார்த்தபடி சொன்னார். "அங்கை இருக்கிறதைக் காட்டினால் வீட்டின்ரை பெறுமதியைக் குறைச்சுப் போடுவாங்கள். கடன் காணாது. வீடு வேறை ஆளுக்குப் போயிடும்."

பாடம் முழுவதையும் ஒப்புவித்தேன். "இது மோசடி. பிடிபட்டால் உங்களுக்கு வீடும் இல்லை, எனக்கு லைசென்சும் இல்லை. வெக்கமாயில்லையோ?" உண்மையைச் சொன்னால், அத்தானை ஏசுவது நன்றாகத்தான் இருந்தது.

"அவரை ஏசாதை," என்றாள் அக்கா. "படம் எடுத்தது நான்."

"எப்ப?"

"உன்ரை மகளின்ரை பிறந்தநாளுக்கு வந்தனாங்களெல்லே, அப்ப. பாங்குக்கெண்டு எடுக்கேல்லை. எங்களுக்கொரு வீடு வந்தால் இப்பிடி ஒண்டு கட்டவேணும் எண்டு போனிலை வைச்சிருந்தனான். பிறகு இவர் கண்டிட்டார்."

என் வீட்டுக்கு வந்தால் அக்கா குளியலறையில் கனநேரம் நிற்பாள். நான் வெளியே நின்று கதவைத் தட்டிக் கேலி செய்வேன். என் மேலேயே கோபம் வந்தது. ஆனாலும் படத்தைக் கோப்பிலிருந்து உருவினேன். கிழிக்கப் போக, அக்கா கையை நீட்டினாள்.

"கிழியாதை. எனக்குத் தா."

அடுத்த நாள் போய் உண்மையான குளியலறையைப் படம் எடுத்துக் கொடுத்தோம். வங்கி குறைத்துத்தான் கடன் தந்தது. அத்தான் காரை விற்று மிச்சத்தைச் சரிக்கட்டினார். நான் பரீட்சையில் சித்தியடைந்தேன். அவர் இப்போது எஸ்-பானில் வேலைக்குப் போகிறார். ரயில் பிந்தினால் எனக்கு ஒரு போன் வரும்: "பிள்ளை, லைசென்ஸ் சுகமோ?"

அக்கா வீட்டுக் குளியலறையில் இரண்டு பச்சை டைல்ஸ் உடைந்திருக்கின்றன. அந்த இடத்தை மறைத்து என் குளியலறையின் படம் ஒட்டியிருக்கிறது.