வஞ்சிரம் ஏலம் போன பாட்டு வகுப்பு

பக்கத்து வீட்டுக் குழந்தை சாயங்காலமானால் கைபேசியைச் சுவரில் சாய்த்துவைத்துக்கொண்டு சரளி வரிசை பாடுகிறாள். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் அது ‘டிங்’ என்று ஒரு நட்சத்திரம் கொடுக்கிறது. நன்றாகத்தான் பாடுகிறாள். நேற்று அவள் ‘ச ரி க ம’ என்று ஏறிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டில் யாரோ வஞ்சிரம் வறுத்தார்கள். காதில் சரளி, மூக்கில் மீன். இந்த இரண்டும் சேர்ந்தால் எனக்குத் திருவொற்றியூர்தான். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வீட்டில் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

என் முதல் வேலை அங்கேதான். மீனவர் குப்பங்களை ஒட்டிய சின்னப் பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நான் பாட்டு டீச்சர். ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் சுருதிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவேன். “இன்னாம்மா, டிபன் கேரியர் இம்மாம் பெரிசா கீது?” என்று கண்டக்டர் கேட்பார். கஞ்சி போட்டு மொடமொடக்கும் காட்டன் புடவை, இசையில் ஒரு டிப்ளமோ, மனசு நிறைய லட்சியம். எண்ணூர் போகும் லாரிகள் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே ஹாரன் அடித்து என் சுருதியைக் கலைத்துக்கொண்டே இருக்கும்.

லட்சியம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கண்ணை மூடி உருகிப் பாடிவிட்டுக் கண்ணைத் திறந்தால் பாதி வகுப்பு பெஞ்சுக்கு அடியில் இருக்கும். “டீச்சர், தெனிக்கும் இதான் பாடுவியா? வேற ஸ்டாக் இல்லியா?” என்று ஒரு வாண்டு கேட்டது. எனக்கே நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

அந்த வகுப்பில் ஜோதி என்றொரு பெண். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற தனலட்சுமியின் மகள். அம்மாவின் கட்டைக் குரல் அப்படியே மகளுக்கும் வந்திருந்தது. அவள் முதல்முறை ‘சா’ என்று வாயைத் திறந்ததும் மற்றதுகள் விழுந்து விழுந்து சிரித்தன. “டீச்சர், தவக்கள கத்துது!” அன்றோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். என் வகுப்பில் உதடுகூட அசையாது. கொஞ்சிப் பார்த்தேன், மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன். மிட்டாய் மட்டும் உள்ளே போயிற்று.

ஒருநாள் இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கமாகப் போனால் அதே கட்டைக் குரல் அமர்க்களப்படுகிறது. ஜோதி தன் ஒற்றைச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். “வஞ்சிரம், வஞ்சிரம்! யாரு கேக்குறது? அவ்ளோதானா? மேல கேளு, மேல கேளு!” சுற்றி நின்ற பிள்ளைகள் ஆளுக்கொரு விலை சொல்லக் கத்துகிறார்கள். விலை ஏற ஏறக் குரலும் படிப்படியாக ஏறுகிறது. நான் சொல்லிக் கொடுக்க முடியாமல் தவித்த ஆரோகணம், அங்கே செருப்புக்காக ஏறிக்கொண்டிருந்தது.

மறுநாள் பழைய காலண்டர் அட்டையில் ஒரு மீன் வெட்டிக்கொண்டு போனேன். ஜோதியிடம் கொடுத்து, “ஏலம் விடு. ஆனா விலைக்குப் பதிலா ஸ்வரம்” என்றேன். அவள் முகத்தில் சந்தேகம்.

“சிரிப்பாங்கோ டீச்சர்.”

“ஏலம் விடுறவங்களைப் பார்த்து யாராவது சிரிப்பாங்களா?”

அது அவளுக்குப் புரிந்தது. அவள் குரலுக்கு ஏற்றபடி சுருதியை இறக்கி வைத்தேன். அவள் ‘சா’ என்று ஏலத்தைத் தொடங்கினாள். அடுத்தவன் ‘ரீ’. அதற்கடுத்தவள் ‘கா’. படி தாண்டினால் அவுட். சுருதி விலகினால் மீன் மறுபடி கடலுக்கு. மேல் ‘சா’வைத் தொட்டவருக்கு வஞ்சிரம். மணி அடித்தும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. பிறகு நாளொரு மீன் வெட்டினேன். என் வீட்டுக் காலண்டர்கள் எல்லாம் சுறாவாகவும் திருக்கையாகவும் போயின.

தலைமையாசிரியைக்கு விஷயம் போயிற்று. “மியூசிக் பீரியட்ல ஏலம் விடுறீங்களாமே? இது ஸ்கூலா, காசிமேடா?” என்றார். “ஆண்டு விழால ஒழுங்கா ஒரு பாட்டுப் பாடணும். இல்லேன்னா அடுத்த வருஷம் அந்த பீரியட் கணக்குக்குப் போயிடும்.” பீரியட் போனால் நானும் போகவேண்டியதுதான்.

ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்குப் பவுடர் அப்பி, ஒரு கடவுள் வாழ்த்துக்குத் தயார்செய்து மேடையேற்றினேன். கூட்டத்தைப் பார்த்ததும் அத்தனை பேரும் உறைந்துபோனார்கள். நான் சைகை காட்டுகிறேன், முதல் வரியை முணுமுணுக்கிறேன், ம்ஹூம். தலைமையாசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போது ஜோதி மைக்குக்கு முன்னால் வந்தாள். கையில் மீன்கூட இல்லை. வெறுங்கையைத் தூக்கி, “வஞ்சிரம்! சாஆ...” என்றாள். பின்னாலிருந்து ஒரு ‘ரீ’ வந்தது. அப்புறம் ஒரு ‘கா’, ஒரு ‘மா’. பிள்ளைகளுக்கு உயிர் வந்துவிட்டது. கூட்டத்திலிருந்த மீன்காரப் பெண்களுக்கு விளையாட்டு சட்டென்று பிடிபட்டது. தனலட்சுமி எழுந்து நின்று கையை உயர்த்தி, “பா!” என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், பந்தலே அதிர்ந்தது.

ஜோதி மைக்கிலேயே சொன்னாள்: “யம்மா, சுதி சேர்ல. குந்து.”

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. தனலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் கண்ணில் நின்ற தண்ணீர் முழுக்கச் சிரிப்பினால் வந்ததல்ல என்று நினைக்கிறேன். பிள்ளைகள் மேல் ‘சா’வைத் தொட்டு, அதே சூட்டில் கடவுள் வாழ்த்தையும் பாடி முடித்தார்கள். தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்து, “அடுத்த வருஷம் என்ன மீன்?” என்றார்.

கல்யாணமாகி ஊர் மாறும்வரை அங்கேதான் வேலை பார்த்தேன். போன மாதம் எர்ணாவூரில் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போனவள் ஆட்டோவை அந்தத் தெருவுக்குள் விடச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டி இல்லை, மைதானம் இல்லை. நீளமாகத் தகரக் கூரை, கன்டெய்னர் லாரிகள், ஒரு கேட். வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

“இன்னாம்மா, யாரு வோணும்?”

“இங்க ஒரு ஸ்கூல் இருந்துச்சு.”

“ஸ்கூலா? எனக்குத் தெரிஞ்சு எப்பவுமே குடோன்தாம்மா” என்று சொல்லி, பின்னால் வந்த லாரிக்காகக் கேட்டைத் திறக்கப் போனார்.