கூபர் பீடி: பின்னால் நடக்கக் கூடாத ஊர்

டார்வின் பட்டணத்தைக் கிறிஸ்துமஸ் அன்று புயல் வாரிப்போட்டதற்கு அடுத்த வருஷம். மார்ச்சில் சிட்னிக்குக் கலர் டிவி வந்திருந்தது. கடை வாசலில் கூட்டத்தோடு நின்று பார்த்தோம். நம் ஊரில் எமர்ஜென்சி. இங்கே ஆஸ்திரேலியாவில் பிரதமரை வீட்டுக்கு அனுப்ப இன்னும் மூன்று மாதம் இருந்தது. அப்படியானால் 1975 ஆகஸ்ட் என்கிறாள், நான் சொல்லச் சொல்ல இதைக் கம்ப்யூட்டரில் தட்டுகிற என் மகள். எனக்கு எழுத்துதான் தெரியாது, நாள் தெரியும். போன வாரம் சிட்னி ஹோம்புஷ் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் நாலு பிள்ளைகள், "கூபர் பீடி போறோம் அங்கிள், அங்க என்ன பாக்கலாம்?" என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது.

நான் போனது ஊர் பார்க்க அல்ல, ஆள் தேட. சிங்காரவேலுவும் நானும் நாகப்பட்டினத்துக்காரர்கள், ஒரே கப்பல். நான் சமையல், அவன் மேல்தளத்து வேலை. இரண்டு பேரும் சிட்னியில் இறங்கித் தங்கிவிட்டோம். அவனுக்கு ஓப்பல் கல் பைத்தியம் பிடித்தது. அங்கே எவனும் பேர் கேட்க மாட்டான், பேப்பர் கேட்க மாட்டான், குழி தோண்டினால் கல் என்று சொல்லி கூபர் பீடிக்குப் போனான். மாதம் ஒரு கடிதம் யாரையாவது பிடித்து எழுதவைத்து மனைவி வள்ளியம்மைக்கு அனுப்புவான். பத்து மாதமாக அது நின்றுபோயிருந்தது.

அவன் தம்பி தங்கராசுவும் கப்பல்காரன்தான். அவன் கப்பல் ரிப்பேருக்காக சிட்னியில் நின்றது. என்னிடம் வந்து உட்கார்ந்தவன் டீயைக்கூடத் தொடவில்லை.

"அண்ணே, அண்ணி ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டுச்சு. உசிரோட இருக்காரா இல்லையா, எதுவா இருந்தாலும் பாத்துட்டு வந்து சொல்லுங்க தம்பின்னுச்சு. கேப்டன் எட்டு நாள் விட்ருக்காரு."

ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு சிட்னியில் ரயில் ஏறினோம். மெல்பர்ன் போக ஏறக்குறைய 960 கிலோமீட்டர், காலை ஒன்பதுக்கு இறங்கினோம். அன்று மாலை அங்கிருந்து இன்னொரு ரயில், செவ்வாய் காலை அடிலெய்ட். மதியம் மூன்றுக்கு பஸ், ஆளுக்குப் பத்தொன்பது டாலர். 850 கிலோமீட்டர்தான், ஆனால் பாதிக்கு மேல் மண் ரோடு. பதினாறு மணி நேரம். பல்லுக்கிடையில் செம்மண் நறநறத்தது. புதன் காலை ஏழு மணிக்கு டிரைவர் ஒரு தகரக் கொட்டகை முன்னால் நிறுத்தி, இறங்குங்கள் என்றான். சுற்றி ஒன்றுமில்லை.

"ஊர் எங்கே?" என்றேன்.

"நீ அதன் மேலேதான் நிற்கிறாய்."

சிரிப்பதற்காகச் சொன்னான் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் தரையிலிருந்து குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றிலிருந்து புகை வந்தது. ஒன்றிலிருந்து பன்றிக்கறி வறுக்கிற வாசனை. ஒன்றில் ஒரு பொம்பளை பாடுகிற சத்தம், என் காலுக்குக் கீழே இருந்து. தங்கராசு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். யார் தலையிலோ மிதிக்கிற மாதிரி இருந்ததாம்.

காப்பிக் கடையில் "இந்தியன்" என்று சொன்னதுமே எல்லாரும் ஒரே ஆளைக் காட்டினார்கள். யானிஸ், கிரேக்கன், சிங்காரவேலுவுக்குப் பக்கத்துக் குழி. கதவில்லாத லாரி வைத்திருந்தான். மூன்று பேருக்கும் அரைகுறை இங்கிலீஷ், அதனால் நன்றாகப் புரிந்தது.

"முதலில் ஊரைப் பார், சமையல்காரா. ஊர் தெரியாமல் குழிப் பக்கம் வந்தால் உன்னையும் தேட வேண்டிவரும்."

அவன் காட்டியதையே உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் நிலத்தடி மாதாகோயில். பாறையைக் குடைந்தது, சுவரில் மெஷின் பல் கடித்த தடம் அப்படியே இருக்கிறது. வெளியே வெயில் எப்படிக் கொளுத்தினாலும் உள்ளே மார்கழி. ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள், உங்கள் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்கும். அடுத்து வடக்கே 33 கிலோமீட்டரில் உடைந்த மலைகள். ஒரு காலத்தில் அது கடல் என்று யானிஸ் சொன்னான். கிளிஞ்சலைப் பொறுக்கிக் காட்டினான். கடலைப் பார்த்தே வளர்ந்த நான், தண்ணீர் மட்டும் எழுந்து போய்விட்ட கடலில் நின்றேன். அலை வரும் திசையை என் கண் தேடிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது, ஓப்பல் காடு. கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை மண் குவியல்கள். ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் ஒரு குழி, ஆள் நுழையும் அகலம், அறுபது எழுபது அடி ஆழம். மூடி கிடையாது, வேலி கிடையாது. வழியோரப் போர்டில் ஒரு ஆள் தலைகீழாக விழுகிற படம். எழுத்து தெரியாத எனக்கும் புரிந்தது.

"ஒரே சட்டம்தான்," என்றான் யானிஸ். "பின்னால் நடக்காதே. போட்டோ எடுக்கிறவன், படம் நன்றாக விழ வேண்டும் என்று ஒரு அடி பின்னால் வைப்பான். நன்றாகவே விழுவான்."

சிங்காரவேலுவின் வீடு மேட்டைக் குடைந்த ஒரே அறை. கதவு பூட்டவில்லை. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. கட்டிலில் போர்வை மடிப்புக் கலையவில்லை. வாசலில் அவன் பூட்ஸ், ஒன்றோடொன்று ஒட்டி.

"வெறுங்காலோடுதான் குழியில் இறங்குவான்," என்றான் யானிஸ். "கப்பல் கயிற்றில் பழகிய கால் என்பான். பூட்ஸ் இங்கே இருக்கிறது என்றால் குழியில் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் கல் வைத்திருந்த தகர டப்பாவைக் காணோம். அவனே எடுத்துக்கொண்டு போனானோ, திருட்டுப் பயல் எவனாவது எடுத்தானோ! கயிறு கட்டி இரண்டு தடவை இறங்கினேன். உள்ளே பக்கச் சுரங்கம் சரிந்து கிடக்கிறது. அதைத் தோண்டினால் மேலே இருப்பதும் விழும். போலீஸ் வந்தது, எட்டிப் பார்த்தது, போயிற்று."

"அந்தக் குழியக் காட்டச் சொல்லுங்க அண்ணே," என்றான் தங்கராசு.

மாலை நாலு மணி இருக்கும். காற்று அசையவில்லை. குழி விளிம்பில் கற்பூரம் ஏற்றினான். குலதெய்வத்தைக் கூப்பிட்டு, "என் அண்ணன் இருக்காரா இல்லையா, காட்டு," என்றான். சுடர் நிமிரவில்லை. குழிப் பக்கமாகவே சாய்ந்து, யாரோ உள்ளே இருந்து உறிஞ்சுகிற மாதிரி நீண்டு அணைந்தது.

அவன் கும்பிட்டான். நமக்கு ஒரு பழக்கம் உண்டே, சாமிக்கு முதுகு காட்ட மாட்டோம். கைகூப்பியபடி பின்னால் ஓரடி வைத்தான். இரண்டடி. நான் கற்பூரம் ஏற்றிய குழிக்குப் பக்கவாட்டில், அவன் முகம் தெரிய நின்றிருந்தேன். அவன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு குழி வாய் திறந்திருப்பது எனக்குத் தெரிந்தது. கையை நீட்டினேன், எட்டவில்லை. யானிஸ் லாரிப் பக்கம், இருபது கஜம் தள்ளி. தங்கராசு மூன்றாவது அடிக்குக் குதிகால் தூக்கினான்.

சட்டை முதுகுப் பக்கம் உப்பியது. பிடித்துத் தள்ளியதுபோல முன்னால் வந்து என் காலடியில் முழங்கால் குத்தி விழுந்தான்.

"யாரண்ணே தள்ளுனது?"

அவனுக்குப் பின்னால் குழியைத் தவிர எதுவும் இல்லை.

ஓடிவந்த யானிஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு விளக்கினான். குழிகள் கீழே ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும், மூச்சு விடும். ஒன்று இழுத்தால் இன்னொன்று ஊதும். இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும்போதும் அவன் அந்தக் குழியை எட்டிப் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் தங்கராசு முடிவாகச் சொன்னான். "அண்ணன் போயிட்டாரு. உள்ளதான் கெடக்காரு. இல்லாட்டி என்னைத் தள்ளிவிட யாரு வருவா? அண்ணிகிட்ட சொல்லிரப் போறேன்."

"காத்துடா அது. ஒரு காத்த வச்சு அவ தாலிய அறுக்கச் சொல்லுவியா?"

"உங்க மனசுல என்ன தோணுது, அதச் சொல்லுங்க."

"எனக்குத் தோணுறது சாட்சி ஆவாது."

பஸ்ஸிலும் இரண்டு ரயிலிலும் அதையே பேசி அவன் வாயை அடைத்தேன். ஊருக்குப் போனவன், "அங்க இல்ல அண்ணி, வேற ஊரு போயிட்டாராம்," என்று சொன்னான். அந்த வார்த்தை அவனுடையது அல்ல, என்னுடையது. அன்று எனக்குத் தோன்றியதும் அவனுக்குத் தோன்றியதுதான். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போகிற பிள்ளைகளுக்கு: இப்போது தார் ரோடு வந்துவிட்டது, ஆனாலும் ஆளுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் வையுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்லது, அங்கே அப்போதுதான் குளிர்காலம். தங்குவதென்றால் நிலத்தடி அறையில் ஒரு ராத்திரி போதும், இரண்டாவது ராத்திரி தூக்கம் வராது. ஓப்பல் காட்டுக்கு உள்ளூர் ஆள் இல்லாமல் போகாதீர்கள். அங்கே எதைக் கும்பிட்டாலும், கும்பிட்டதும் முதுகைக் காட்டித் திரும்பி நடங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

யானிஸ் அதே ஊரில் படுக்கையில் செத்தான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். தங்கராசு சுனாமிக்கு அடுத்த வருஷம் நெஞ்சுவலியில் போனான். என்னைக் கழித்துவிட்டால் இதில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஆள்தான், நாகப்பட்டினத்தில், மகன் வீட்டில், தொண்ணூறு வயது, கழுத்தில் இன்னும் தாலியோடு, வள்ளியம்மை.