தீவுக்குத் தைத்த டி-ஷர்ட்

இது நடந்து இன்னும் ஒரு வருடம் நிறையவில்லை. போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பூர் நல்லூரில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது. எழுத உட்கார்ந்தால் இப்போதும் விரல் நுனி சில்லிட்டுப் போகிறது. ஏன் விரல் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு மொத்தமாகத் தைப்பதற்கு முன்னால் ஒன்றிரண்டு உருப்படி தைத்து, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிற வேலை. அளவு டேப் எப்போதும் கழுத்தில் கிடக்கும். என் கணவர் சின்னதாக ஒரு துணிப் பிரிண்டிங் யூனிட் நடத்துகிறார். எங்களுக்கு ஒரே பையன். கோவையில் இன்ஜினியரிங் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தான். காலையில் காலேஜ் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவான்.

அதற்கு முந்தைய ஆயுத பூஜையன்று, என் அண்ணனின் கம்பெனியில் பூஜை முடிந்து எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. அண்ணன் வியாபார விஷயமாக ஒருமுறை கிரேக்க நாட்டுக்குப் போனவர். அங்கே கிரீட் என்றொரு தீவு இருக்கிறது, மத்திய தரைக்கடலுக்கு நடுவில், அங்கே ரெண்டு குடும்பமும் சேர்ந்து போகலாம் என்றார். "பொறந்ததுல இருந்து ஷிப்மெண்ட்டு ஷிப்மெண்ட்டுன்னே ஓடியாச்சு அம்மிணி. ஒருக்கா போயி சும்மா உக்கோந்துட்டு வரோணும்" என்றார். சும்மா உட்காருவது எப்படி என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அதனாலேயே ஆசையாக இருந்தது.

என் பையன் உடனே செல்போனில் அந்தத் தீவைத் தேடி எடுத்துக் காட்டினான். அப்போது அவன் கொஞ்சம் பூசினாற்போல இருப்பான். அண்ணன் அந்தக் கடலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மாப்ளை எறங்கறப்ப முன்னாடியே சொல்லிட்டு எறங்குங்க. தண்ணி மேலேறி நம்ம ரூமுக்குள்ள பூந்துரும்."

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். "சரிங்க மாமா, சொல்லிட்டே எறங்கறேன்" என்று அவனும் சிரித்தான். பரிமாறிக்கொண்டு வந்தவர் வடையை நீட்டியபோது, போதுங்க என்று இலைக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டான். வயிறு நிறைந்துவிட்டது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு அந்தப் பயணத்துக்கான திட்டம் முழுவதும் அவன் கைக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் லேப்டாப்பைத் திறந்துவைத்து எங்களுக்குக் காட்டுவான். எதற்கும் அவசரம் கூடாது என்பது அவன் கொள்கை. காலையில் நேரம் கழித்து எழுவது, துறைமுகத்தில் கொஞ்சம் நடப்பது, மத்தியானம் ஆலிவ் தோப்புக்குள் ஒரு கிராமம், சாயங்காலம் கடலைப் பார்த்துக்கொண்டு உட்காருவது. எந்த ஊரில் எந்தக் கடை, அங்கே என்ன கிடைக்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். காய்ந்த ரொட்டியின் மேல் தக்காளியும் பாலாடைக்கட்டியும் வைத்து எண்ணெய் ஊற்றித் தருவார்களாம். மலைப்பூக்களின் தேன் தனி வாசனையாம். "அம்மா வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாது, அதுக்கு இந்தக் கடை. அப்பாவுக்குக் காரமில்லாம எறங்காது, பருப்புப் பொடி எடுத்துக்கலாமுங்க" என்று ஒவ்வொருவருக்கும் பார்த்துப் பார்த்துச் சொல்வான். கேட்கும்போதே எங்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். என் கணவர் அதைக் கேட்டபடியே இன்னொரு தோசை கேட்பார்.

பையன் தட்டில் என்ன இருந்தது என்று யோசித்தால் இப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. இதுதான் என்னைத் தின்கிறது.

இளைத்தது தெரியாமல் இல்லை. தை மாதம் ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள். பையன் ஆளே மாறிட்டானே, என்ன பண்ணினான் என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கும் பெருமைதான். இப்பத்தான் கண்ணு முகத்துல களை வந்திருக்குது என்று நானே அவன் கன்னத்தைத் தொட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் உடம்பை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் தோள்பட்டை முழங்கையில் தொங்குகிற மாதிரி ஓவர்சைஸ் டி-ஷர்ட்தான் போடுகிறார்கள். எங்கள் கம்பெனியிலேயே அதுதான் அதிகம் ஓடுகிறது. மீந்த சாம்பிளை நான்தான் அவனுக்குக் கொண்டுவந்து கொடுப்பேன். பங்குனி வெயிலில் அதற்கு மேல் ஒரு ஹூடியும் போட ஆரம்பித்தான். ஏசி பஸ்ஸில் குளிருதுங்கம்மா என்றான். காலேஜ் பஸ்ஸில் ஏசி கிடையாது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

தினமும் மத்தியானம் கம்பெனியிலிருந்து போன் செய்து "சாப்டாச்சா கண்ணு?" என்று கேட்பேன். "ஆச்சுங்கம்மா" என்பான். வைத்துவிடுவேன். டிபன் பாக்ஸும் காலியாகத்தான் வீடு திரும்பியது.

எங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்து பழனிக்குப் போவதாக இருந்தாலும் ஒரே மாதிரி டி-ஷர்ட் அடித்துப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். வெளிநாடு போகிறோம், விடுவோமா? நான் தைப்பது, கணவர் பிரிண்ட் போடுவது என்று முடிவானது. வெள்ளைத் துணி, நெஞ்சில் நீலத்தில் ஒரு சின்ன அலை. ஒவ்வொருவரிடமும் அளவு கேட்டேன். "எனக்கு எக்ஸ்எல்லே போடுங்கம்மா, லூசாத்தான் நல்லாருக்கும்" என்றான். அவன் பழைய அளவும் அதுதான். அப்படியே தைத்துவிட்டேன். முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரர்களின் சட்டைக்கு மூன்று முறை டேப் பிடிக்கிறவள், சொந்தப் பிள்ளைக்கு வாய்ச்சொல்லை நம்பி வெட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் குடும்பமும் வந்திருந்தது. எல்லோரும் போட்டுப் பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அண்ணனுக்குச் சட்டை வயிற்றில் இறுக்கிப் பிடித்தது. அதை வைத்து அண்ணி அவரைக் கேலி செய்துகொண்டிருந்தார். பையன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றிக்கொண்டு வந்தான். ஹூடி இல்லாமல் நான் அவனைப் பார்த்துப் பல நாளாகியிருந்தது. துணி அவன் மேல் விழுந்த விதமே சரியில்லை. தோள் தையல் இறங்கிக் கிடந்தது. தொழில் புத்தி, பக்கத்தில் போய்விட்டேன்.

சட்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஆள் மேல் போட்டு, பக்கத் தையலில் இரண்டு விரலால் கிள்ளிப் பிடிப்போம். விரலுக்குள் எவ்வளவு துணி வருகிறதோ, அவ்வளவு தளர்ச்சி. ஒரு நாளில் எத்தனையோ முறை செய்கிற காரியம். அன்றைக்கும் யோசிக்காமல் கிள்ளினேன். துணி வந்தது. இன்னும் வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசியில் என் விரல் எலும்பில் போய் நின்றது. ஒரு விலா, அதற்கடுத்து ஒரு பள்ளம், அடுத்த விலா. நடுவில் ஒன்றுமே இல்லை.

"விடுங்கம்மா" என்றான். கோபமே இல்லை, கெஞ்சுகிற குரல். என் கையை விலக்கிவிட்டுப் பின்னால் ஒரு அடி வைத்தான். சோபாவைப் பிடிக்கப் பார்த்தான். பிடிக்கும் முன்பே விழுந்துவிட்டான்.

அண்ணன்தான் தூக்கினார். தூக்கியவர் ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டார். அந்த எடை அவர் எதிர்பார்த்தது அல்ல என்பது முகத்தில் தெரிந்தது. அவரே கார் ஓட்டினார். அவிநாசி ரோடு வழியாகக் கோவைக்குப் போனோம். எல்லோரும் அதே அலை போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தோம். மருத்துவமனை வாசலில், ஏதாவது போட்டியில் அடிபட்டதா என்று ஒருவர் கேட்டார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். இதயத் துடிப்பு இருக்க வேண்டியதைவிட மிகவும் குறைந்திருந்தது. ரத்தத்தில் உப்புகள் தாறுமாறாகியிருந்தன. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தால் தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கலாம் என்றார் டாக்டர். என் வயதுள்ள பெண். சாப்பாட்டைப் பற்றி அதிகம் பேசுவானா என்று அவர் கேட்டபோது, நான் அந்தத் தீவையும் ரொட்டியையும் தேனையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "பட்டினி கெடக்கற மனசு சாப்பாட்டையேதாங்க சுத்தும். மத்தவங்களுக்குப் பாத்துப் பாத்துச் செய்யும்" என்றார். இது அடமோ, அழகு பார்ப்பதோ கிடையாது, நோய், பையன்களுக்கும் வரும், உடம்புக்கும் மனதுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். படித்தவள் நான். இப்படியொரு நோய் இருப்பதாகவே எனக்குத் தெரியாது.

வார்டுக்கு மாற்றிய பிறகு அண்ணன் கட்டில் ஓரத்தில் போய் நின்றார். எப்போதும் சத்தமாகப் பேசுகிற மனிதர்.

"மாப்ளை, நா சும்மா வெளையாட்டுக்குத்தான் கண்ணு சொன்னேன்."

"தெரியுமுங்க மாமா" என்றான் பையன். "நீங்க சொன்னதுல ஒண்ணும் தப்பில்லீங்களே. நெசந்தான சொன்னீங்க."

அண்ணன் வெளியே போய் வராண்டாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பின்னால் போகவில்லை. அன்றைக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

அவன் வார்டில் இருக்கும்போதுதான் பாஸ்போர்ட்டுகள் கூரியரில் வந்தன. எல்லோருக்கும் விசா கிடைத்திருந்தது. கணவர் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பையனின் விசாவில் இருந்த போட்டோ அவனுடைய போட்டோதானா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. விசாவுக்காக மாசியில் எடுத்தது. நான்தான் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனேன். பக்கத்திலேயே நின்று தலைமுடியைச் சரிசெய்து விட்டேன்.

இது எல்லாம் சரியாகிவிட்ட கதை அல்ல. ஆடியில் மறுபடியும் அவனை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. இந்த வருடம் காலேஜ் இல்லை. டாக்டர் சொன்னபடி வேளாவேளைக்கு வீட்டில் யாராவது ஒருவர் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம். உடம்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, நல்ல வார்த்தையாக இருந்தாலும். சில நாள் ஒரு இட்லி உள்ளே போவதற்குள் அவன் நெற்றி வியர்த்துவிடும். அழுவான். நான் எதிரே உட்கார்ந்து என் தட்டில் இருப்பதைச் சாப்பிடுவேன்.

மற்ற டி-ஷர்ட்டுகளைக் கணவர் யூனிட்டுக்கு எடுத்துப் போய் மெஷின் துடைக்கக் கொடுத்துவிட்டார். பையனுடையது மட்டும் பீரோவில் இருக்கிறது. தீவைப் பற்றி அவன் இப்போது பேசுவதில்லை. நாங்களும் கேட்பதில்லை. போன வாரம் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "இந்தச் சட்னில உப்பு பத்தலீங்கம்மா" என்றான். எழுந்து உப்பு எடுத்து வரப்போனவள், தன் வாய்க்கென்று அவன் ஒன்று கேட்டு எத்தனை மாதமாயிற்று என்று எண்ணிப் பார்த்தபடி சமையலறையில் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

வேலைக்குப் போகிறேன். தினமும் யாரோ ஒருவர் மேல் சாம்பிள் சட்டையைப் போட்டுப் பக்கத் தையலைக் கிள்ளிப் பிடிக்கிறேன். விரலுக்குள் துணி கொஞ்சம் அதிகமாக வந்துவிட்டால் போதும், வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போன் செய்கிறேன். சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேட்பதில்லை, அந்தக் கேள்விக்கு என் பிள்ளை சொல்லும் பதிலை நம்புகிற தைரியம் எனக்கு இனி வரப்போவதில்லை.